ஏழு மடங்கு கயிறு

முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் வளைகுடா வரைந்தவள் நான். மூன்று பக்கம் நிலம், ஒரு பக்கம் கடல், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன். அந்த வளைகுடாவுக்குள் ஒரு படகை அசையாமல் நிறுத்துவது இவ்வளவு பெரிய இம்சை என்று எந்தப் புவியியல் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் ஸ்டீவன் கப்பலில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்று வந்ததும் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் ஒரு பாய்மரப் படகு கட்ட ஆரம்பித்தார். பத்தொன்பது அடி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு சின்ன அடுப்பு வைக்கலாம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஏழாயிரம் அடி மலை இருக்கிறது. ஊர் சும்மா விடுமா? பைபிளில் வெள்ளத்துக்குப் பேழை கட்டிய நோவாவை நினைத்து 'நோவா சார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியாரே, "என்ன ஸ்டீவன், ஜோடி ஜோடியா மிருகம் சேத்தாச்சா?" என்பார். நாலு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

திட்டம் சுலபமானது. படகை லாரியில் ஏற்றித் தூத்துக்குடியில் இறக்குவது. கன்னியாகுமரியைச் சுற்றி, மேற்குக் கரையை ஒட்டியே கார்வார் வரைக்கும் போவது. பகலில் ஓட்டம், இருட்டுவதற்குள் ஒதுக்கமான ஒரு வளைகுடாவில் நங்கூரம். முதலில் நானும் ஊரோடு சேர்ந்து சிரித்தவள்தான். எப்போது மாறினேன் என்று தெரியவில்லை. கார்வார் பக்கத்து வரைபடத்தில் ஒரு குட்டி வளைகுடா இருக்கிறது. மூன்று பக்கமும் குன்று, காற்று உள்ளே வராது, கரையில் தென்னை. அங்கே படகில் உட்கார்ந்து காபி போட வேண்டும் என்று ஒரு ஆசை வந்தது. வந்த ஆசை போகவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் எனக்கென்று வந்த ஒரே ஆசை அது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் அவரைவிட எனக்குத்தான் அவசரம்.

நங்கூரம் என் பொறுப்பு. படகு கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து அவருக்குத் தோளில் பிளேட் வைத்திருக்கிறது. பால் பாத்திரத்துக்கு மேல் கனம் தூக்கக் கூடாது. எட்டுக் கிலோ நங்கூரம், அதோடு சங்கிலி, அதோடு கயிறு, எல்லாம் என் தலையில். அவர் சுக்கான் பிடித்தபடி புத்தகத்தில் படித்ததைச் சொல்வார். நான் செய்ய வேண்டும்.

சோதனைக்கு விதியும் அவர்தான் போட்டார். "கொடைக்கானல் ஏரியில மூணு நாளைக்குப் படகு விட அனுமதி வாங்கிருக்கேன் கேத்தி. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை, படகுல ஆளில்லாம, ஒரு மணி நேரம் அசையாம நின்னாப் போதும். கெளம்பிருவோம். நிக்கலைன்னா டேனிக்குக் குடுத்துருவோம். ரெண்டு உசிரு, வெளையாட்டில்ல."

டேனி வட்டக்கானலில் காட்டேஜ் நடத்துகிறவன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தான். தீவுக்கும் தீபகற்பத்துக்கும் கடைசிவரை வித்தியாசம் தெரியாமலே பாஸாகிப் போனவன். எங்கள் படகைப் புல்வெளியில் தூக்கி வைத்து, சீரியல் லைட் சுற்றி, உள்ளே மேஜை போட்டு கேக் விற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "செல்ஃபி பாயின்ட் மிஸ், செமையா இருக்கும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏரிக்கரைக்கு வந்து பதில் கேட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். நாலு வருஷப் படகு புல்தரையில் கிடக்க, அதன் முன்னால் தேனிலவு ஜோடிகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை வெள்ளனே இறங்கினோம். காலாண்டு விடுமுறைக்கு இன்னும் பத்து நாள் இருந்ததால் ஏரியில் கூட்டமில்லை. நட்சத்திரம் மாதிரி விரிந்த ஏரியின் கைகளில் ஒன்று மரங்களுக்கு நடுவே உள்ளடங்கிப் போகும். அதுதான் எங்களுக்கு வளைகுடா. உதவிக்குத் திருமலைச்சாமியை அமர்த்தியிருந்தோம். இருபது வருஷமாக அந்த ஏரியில் துடுப்புப் படகு ஓட்டுகிறவர், ஒரு துரும்பு மிதந்தாலும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ஆழம் பார்த்தோம். நாலு மீட்டர். "ஏழு மடங்கு" என்று பின்னாலிருந்து ஸ்டீவன் குரல் கொடுத்தார். "இருபத்தெட்டு மீட்டர் கயிறு விடு. கயிறு நீளமா இருந்தாத்தான் நங்கூரம் படுத்தவாக்குல இழுபட்டுச் சேத்துல புதையும். கட்டையா இருந்தா காத்து அடிக்கிறப்ப செங்குத்தாத் தூக்கிரும்." இதை அவர் ஐம்பது தடவை சொல்லியிருக்கிறார். எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நங்கூரத்தை இறக்கினேன். கயிற்றை விட்டேன். திருமலைச்சாமி தன் படகைப் பின்னால் கட்டி, கயிறு விறைக்கும்வரை துடுப்புப் போட்டு இழுத்தார். நின்றது. கட்டினேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது.

திருமலைச்சாமி படகிலேயே கரைக்கு வந்தோம். ஸ்டீவன் கரையில் ஒரு மரத்தடியில் நின்று பார்ப்பதாகச் சொன்னார். நான் அங்கே நிற்கவில்லை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பரீட்சை நடக்கும்போது புலி மாதிரி நிற்பேன், ரிசல்ட் வரும் நாளில் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். வளைவு தாண்டி ஜாஹிதாவின் டீக்கடை. அங்கே போய் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினேன். மூன்று மாலை சொல்லி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும் என்று கணக்கு.

இரண்டாவது மாலை முடிவதற்குள் ஸ்டீவன் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நிக்கல கேத்தி. காத்து வந்துச்சு, இழுத்துக்கிட்டுப் போயிருச்சு."

நான் ஓடிப் பார்க்கும்போது திருமலைச்சாமி படகை மீட்டுக் கொண்டுவந்து கரையில் கட்டிவிட்டு, நங்கூரத்தை மேலே ஏற்றி, கயிற்றை வட்டமாகச் சுருட்டி வைத்திருந்தார். பார்க்க ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மதியம் இன்னொரு தடவை போட்டேன். முக்கால் மணி நேரம். நிற்கவில்லை.

சனிக்கிழமை இடத்தை மாற்றினோம். நிற்கவில்லை. பாசி அதிகம், நங்கூரம் அதில் வழுக்குகிறது என்றார். பாசி இல்லாத இடமாகப் பார்த்து இறக்கினேன். நிற்கவில்லை. "ஒருவேளை கனம் பத்தலையோ என்னமோ" என்று தாடையைச் சொறிந்தார். வீட்டுக்குப் போய் அம்மிக்கல்லை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆமாம், அம்மிக்கல்லைத்தான். அதைச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டி, இடுப்பு விட்டுப்போக, தூக்கி இறக்கினேன். பெடல் போட்டில் வந்த இரண்டு பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். "ஏலே, அங்கிட்டுப் போங்கலே, டீச்சரம்மா சட்னி அரைக்கப் போறாங்க" என்று திருமலைச்சாமி விரட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரைமணி நேரத்தில் ஸ்டீவன் டீக்கடை வாசலில் வந்து நின்று இல்லையென்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சண்டை. முடிச்சு சரியில்லை என்றார். நங்கூரம் நீங்கள் வெல்டிங் வைத்தது, அதுதான் சரியில்லை என்றேன். அவசரப்படுகிறாய் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நானே என்னை நினைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சுளுக்கு விழுந்த மாதிரி வலிக்கிற கையோடு, ஒரு கயிற்றைக் கட்டத் துப்பில்லாதவளா நான் என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.

ஞாயிறு முதல் பூசைக்குப் போய்விட்டு நேராக ஏரி. காலையில் ஒரு தடவை தோற்றேன். இரண்டேகால் மணிக்குக் கடைசி முயற்சியாக இறக்கினேன். இருபத்தெட்டு மீட்டரைத் தாண்டி முப்பதே விட்டேன். பழையபடி ஜாஹிதா கடை.

ஜாஹிதா டீயை நீட்டிவிட்டு என்னையே பார்த்தாள். "நானும் மூணு நாளாப் பாக்கேன் டீச்சர். படகு அங்கிட்டு நிக்கி, நீங்க இங்கிட்டு உக்காந்து மணி உருட்டுறீங்க. ஏன் நிக்க மாட்டேங்குன்னு நின்னு பாத்தாத்தானே தெரியும்? எங்க வீட்டுப் பால் தெனமும் கொறையுதுன்னு நான் துவா செஞ்சுக்கிட்டா இருந்தேன்? கதவுக்குப் பின்னால நின்னேன், பூனையப் பிடிச்சேன்."

சுருக்கென்று இருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஸ்டீவன் நிற்கும் பக்கம் போகாமல், எதிர்க்கரையில் மரங்களுக்கு ஊடே போய் நின்றேன்.

படகு நின்றுகொண்டிருந்தது. பஞ்சு பஞ்சாக மூடுபனி நீரின் மேல் போக, வெள்ளைப் படகு அசையாமல் நின்றது. நான் நிறுத்திய படகு.

அப்போது திருமலைச்சாமி துடுப்புப் போட்டு அதனிடம் போனார். படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் முடிச்சை அவிழ்த்தார். கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார், படகு நங்கூரத்துக்கு நேர் மேலே வரும்வரை. மீதிக் கயிற்றையெல்லாம் வட்டமாகச் சுருட்டி மேல்தட்டில் அழகாக வைத்தார். ஐந்து மீட்டர் கயிறுகூடத் தண்ணீரில் இல்லை. கட்டையான கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுத் திரும்பினார். அக்கரையில் அதே மரத்தடியில் ஸ்டீவன் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"திருமலைச்சாமீ!" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் கிளம்பிவிட்டது.

அவர் பதறிப்போய் என் பக்கம் படகை விட்டார். "என்னங்க டீச்சரம்மா?"

"என்ன செஞ்சீங்க இப்ப?"

"கயித்தச் சுருட்டுனேங்க. மூணு நாளாச் செய்றதுதான். தண்ணிக்குள்ள அம்புட்டுக் கயிறு சும்மா கெடந்தா எப்படிங்க? போன சீசன்ல இப்படித்தான் பெடல்ல கயிறு சுத்தி ஒரு கொழந்த விழுந்துருச்சு. கயிறு தொங்கக் கூடாதுங்கறது இந்த ஏரியில எங்க வழக்கம்ங்க. யாரு படகா இருந்தாலும் கண்ணுல பட்டா நாங்களே சுருட்டிருவோம்." எனக்கு நல்லது செய்ததாகவே அவர் நம்பினார். அதை முகத்தில் பார்த்தேன். அவர்மேல் கோபப்பட வழியில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"சார்ட்ட மொத நாளே கேட்டேனேங்க. 'கயித்தச் சுருக்கிரவா சார்'னு. சரின்னு தலையாட்டுனாரே. ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிட்டுத்தான இருக்காரு?"

காற்று வந்தது. எங்கள் கண் முன்னாலேயே நங்கூரம் பிடுங்கிக்கொண்டு, படகு பக்கவாட்டில் திரும்பி, சொன்னபடி கேட்கிற பிள்ளை மாதிரி கோரைப் புல்லைப் பார்த்துப் போனது.

என்னை அக்கரைக்குக் கொண்டு விடச் சொன்னேன். ஸ்டீவன் நான் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓடிப்போகவாவது செய்திருக்கலாம்.

"பாத்துக்கிட்டேவா நின்னீங்க? மூணு நாளும்?"

"மொத நாளு அவன் கேக்கும்போது வேணாம்னு சொல்லத்தான் கேத்தி வாயெடுத்தேன்."

"வாயெடுத்தா வார்த்தை வரணும்ல? அம்மிக்கல்லைத் தூக்க விட்டீங்களே என்னய. மனசு கூசலையா ஒங்களுக்கு?"

தரையைப் பார்த்தார். அறுபத்திரண்டு வயது மனுஷன், வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கு."

"இருபத்தாறு வருஷம் கப்பல்ல இருந்தீங்க!"

"எஞ்சின் ரூம்ல இருந்தேன். அஞ்சு மாடி இரும்புக்கு உள்ள. வெளிய கடல் கெடக்குங்கறதே ஆட்டத்துலதான் தெரியும். இது பிளைவுட்டு. நான் ஒட்டுனது. எந்தெந்த ஒட்டு சரியாப் பிடிக்கலைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டி முடிக்கிறவரைக்கும் தெரியல கேத்தி, முடிஞ்சதுக்கு அப்புறந்தான் தூக்கம் போச்சு."

"அப்ப பயமா இருக்கு, போக வேணாம்னு சொல்றதுக்கு என்ன?"

"நாலு வருஷம் கட்டிட்டா? நோவா பயந்துட்டான்னு ஊரே சிரிக்காதா? ஒனக்கு முடியலைன்னா... யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். உண்மைதான். கேத்தரின் டீச்சருக்கு முடியவில்லையாம், வயசாச்சில்ல, பாவம் என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதுவும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. நான் குளியலறையில் அழுததும் தெரியும். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காத அளவுக்கு எங்கள் வீடு பெரிதில்லை. முப்பத்து மூன்று வருஷம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். கை ஓங்காத, குடிக்காத, நல்ல மனுஷன். அன்றைக்கு அந்த மரத்தடியில் அவர்மேல் வந்த கோபம் மாதிரி எனக்கு யார்மேலும் வந்ததில்லை. மணியைப் பார்த்தேன். மூன்றரை.

"திருமலைச்சாமி, வெரசாப் படகை எடுங்க."

கோரையிலிருந்து படகை இழுத்து வந்தோம். அம்மிக்கல்லை அவிழ்த்துக் கரையில் போட்டேன். பழைய இடம், நாலு மீட்டர் ஆழம். நங்கூரத்தை இறக்கினேன். கயிற்றை ஒவ்வொரு மீட்டராக எண்ணி வெளியே விட்டேன். திருமலைச்சாமி பின்னாலிருந்து இழுக்க, கயிறு விறைத்து, அதிர்ந்து, நின்றது. கட்டினேன். "இந்தக் கயித்துமேல கை வச்சீங்க..." என்று ஆரம்பித்தேன். "ஐயோ, சத்தியமா இல்லீங்க டீச்சரம்மா" என்று கும்பிட்டுவிட்டு, யாரும் கயிற்றுப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளத் தள்ளிப்போய் நின்றார். நான் படகிலேயே உட்கார்ந்துகொண்டேன். ஆளில்லாமல் நிற்க வேண்டும் என்பது அவருடைய விதி. அவருடைய விதிக்கு இனி என்ன மரியாதை?

நாலு மணிக்குக் காற்று பிடித்தது. படகு ஒரு பக்கம் போகும், கயிறு இழுக்கும், திரும்பி வரும். கரையில் ஒரு யூகலிப்டஸ் மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் விலகவே இல்லை. குளிரில் பல் தந்தியடித்தது, கை எரிந்தது. நாலே முக்கால். நிற்கிறது. ஐந்து ஆகப் பத்து நிமிஷம். நிற்கிறது. நங்கூரம் போட எனக்கு வந்திருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன், கேட்க ஒரு ஆள் இல்லாவிட்டாலும். முதல் நாள் முதல் தடவையிலிருந்தே வந்திருக்கிறது.

ஐந்து மணிக்குச் சரியாக டேனியின் ஜீப் வந்தது. அதைப் பார்த்து ஜாஹிதாவும், ஏரியைச் சுற்றி நடக்கிற நாலைந்து பேரும் கரையில் கூடிவிட்டார்கள். மூடுபனியில் முகம் சரியாகத் தெரியவில்லை. தண்ணீர்மேல் குரல் மட்டும் தெளிவாக வரும்.

"என்ன அங்கிள், மிஸ்ஸுக்கு வரலையாமே? நாளைக்கே ஆளக் கூட்டியாந்து தூக்கிரவா?"

நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இங்கிருந்து கத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட என்னால் முடியும். வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல் எனக்கு. சொல்லவில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இந்த முறை ஓடிப்போய் ஜெபமாலை உருட்டாமல், நானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அவளுக்கு வந்துருச்சு டேனி" என்றார். குரல் கரகரத்தது. "நல்லா வந்துருச்சு. மூணு நாளா நாந்தான் அதக் கெடுத்துக்கிட்டு இருந்தேன். எனக்குத்தான் பயம். கடலுக்குப் போக எனக்குத்தான் பயம்."

யாரும் சிரிக்கவில்லை. ஜாஹிதா மட்டும் "யா அல்லாஹ்" என்றாள்.

"அப்ப படகு எனக்கு இல்லையா, மிஸ்?" என்று டேனி தண்ணீரைப் பார்த்துக் கத்தினான்.

"ஒன் புல்தரையில டேலியாச் செடி வை டேனி! நல்லா வரும்!"

திருமலைச்சாமி பக்கத்தில் வந்து என் படகைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். என் கண்ணைப் பார்க்காமல், "கரைக்குப் போவமாங்க டீச்சரம்மா?" என்றார். என் கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. அது கன்னியாகுமரி தாண்டியும் இருக்கும் என்று தோன்றியது.

"நான் வரல. போயி சாரை ஏத்திக்கிட்டு வாங்க."

அவர் தயங்கினார். "பயமா இருக்குங்கறாரேம்மா."

"எனக்குந்தான் பயமா இருக்கு" என்றேன். "ஒருத்தரும் கேக்கல. போய்க் கூட்டிட்டு வாங்க."